பிஸ்கட் என்று கூப்பிடக் கூடாது

பெயர் வைக்கிறவர்கள் யாரும் வியாதியை யோசித்து வைப்பதில்லை. கிர்ஸ்டியும் யோசிக்கவில்லை. ஏழு வாரக் குட்டியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து அடுக்களை மேசைமேல் இறக்கிவிட்டாள். கீரிப்பிள்ளையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்ட மாதிரி நீள உடம்பு, வெளிர்பழுப்பு நிறம், உருண்டைக் கண். ஃபெரட் என்கிற அந்தப் பிராணி நேரே அப்பா மால்கமின் டீக் கோப்பைப் பக்கம் போய், தட்டிலிருந்த பிஸ்கட்டைக் கவ்விக்கொண்டு அடுப்புக்குப் பின்னால் மறைந்துவிட்டது. மால்கம் "ஏய், ஏய்!" என்று எழுந்தார். கிர்ஸ்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பேரு கிடைச்சிருச்சும்மா. பிஸ்கட்!"

அன்றிலிருந்து அதன் பெயரும் அதுதான், தீனியும் அதுதான். கடையில் விற்கிற பூனைத் தீனி, மொறுமொறுவென்று சின்னச் சின்ன உருண்டை. அதையும் வீட்டில் பிஸ்கட் என்றே சொன்னார்கள். பனிமான் படம் போட்ட பழைய கிறிஸ்மஸ் டின்னில் கொட்டி, கொதிகலன் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தாள் கிர்ஸ்டி. டின்னைக் குலுக்குவாள், பெயரைச் சொல்லுவாள், எங்கிருந்தாலும் அது முதுகை வளைத்து வளைத்துத் துள்ளிக்கொண்டு வந்து அலமாரியடியில் நிற்கும். தன்னைக் கூப்பிடுகிறார்களா, சாப்பாட்டைச் சொல்கிறார்களா என்று அதற்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. இரண்டும் ஒன்று என்று அது எப்போதோ முடிவு கட்டிவிட்டது.

இப்போது அதற்கு ஐந்து வயது. கிர்ஸ்டி போய் இரண்டு வருஷம். இருபத்தேழு வயதுப் பெண், ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து மேட்டுப் பாதையில் காரில் வரும்போது, பனி உறைந்த வளைவில் வண்டி வழுக்கிவிட்டது. அதைப் பற்றி அவள் அம்மா பெவர்லி யாரிடமும் பேசுவதில்லை. பேசினால் ஆறுதல் சொல்வார்கள். ஆறுதலைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அவளிடம் மகளின் குரல் பதினோரு விநாடி இருந்தது.

அது வந்த கதை வேடிக்கையானது. ஒருமுறை கிர்ஸ்டி பயிற்சிக்காக லீட்ஸில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது, பிஸ்கட் அடுக்களை அலமாரிகளுக்குப் பின்னால் புகுந்து மாட்டிக்கொண்டது. பெவர்லியும் மால்கமும் தரையில் குப்புறப் படுத்துக் கெஞ்சிப் பார்த்தார்கள். அசையவில்லை. போன் போட்டதும் கிர்ஸ்டி ஒரு குரல்பதிவு அனுப்பினாள். கையிலிருந்த புதினா மிட்டாய் டப்பாவைக் குலுக்கிக்கொண்டே, "ஏ பிஸ்கட்! பிஸ்கட், பிஸ்கட்! வாடி செல்லம், எங்கடி ஒளிஞ்சிருக்க? வா வா வா." கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்து, பாதிச் சிரிப்பில் அறுந்துபோகும். போனைத் தரையில் வைத்து அதைப் போட்டதும், தூசியும் ஒட்டடையுமாகப் பிஸ்கட் வெளியே வந்தது.

அந்தப் போன் திரை விரிசல் விட்டுப் பழசாகிப்போயிற்று. பெவர்லி புதுப் போன் வாங்கிக்கொண்டாள், ஆனால் பழசைத் தூக்கிப் போடவில்லை. டின்னுக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் சார்ஜ் ஏற்றினாள். பேக்கரிக் கடையில் வேலை முடிந்து வந்து, கையைக் கழுவி, சாயங்காலம் ஆறு மணிக்கு அதைப் போடுவாள். பிஸ்கட் ஓடி வரும். போனுக்கு முன்னால் போகும், பின்னால் போகும், மோந்து பார்க்கும், அலமாரியைப் பார்த்து முன்னங்காலைத் தூக்கி நிற்கும். அவள் ஒரு கை உருண்டையை எடுத்து வைப்பாள். உலகத்தில் தன் மகள் கூப்பிட்டால் ஓடிவர இன்னும் ஒரு ஜீவன் இருக்கிறது என்று அந்த ஒரு நிமிஷம் நெஞ்சு நிறையும். அதற்காகத்தான் அவள் மற்ற இருபத்துமூன்று மணி நேரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

மால்கம் அந்த நேரம் வீட்டுக்குள் இருக்க மாட்டார். ஆறடிக்கப் போகிறது என்றால் கோட்டை மாட்டிக்கொண்டு பின்வாசல் கொட்டகைக்குப் போய்விடுவார். தபால்காரராக முப்பத்துநாலு வருஷம் தெருத்தெருவாக நடந்த மனிதர், இப்போது வீட்டிலிருந்து கொட்டகை வரைக்கும்தான் நடை. பெவர்லிக்கு அவர் மேல் உள்ளுக்குள் ஆத்திரம் இருந்தது. பெற்ற மகளின் குரலைக் கேட்கப் பிடிக்காத தகப்பன் இருப்பானா?

ஜனவரியில் பிஸ்கட்டின் பின்னங்கால் தள்ளாடத் தொடங்கியது. துள்ளி வரும், பாதி வழியில் இடுப்பு சரியும், எங்கேயோ வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும். வாயோரம் எச்சில் வழிந்தது. கால்நடை மருத்துவர் சின்னப் பெண், ஃபிளெட்சர் என்று பெயர். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டால் விஷயம் நல்லதாக இராது என்பது பெவர்லிக்குத் தெரியும்.

"கணையத்துல சின்னச் சின்னக் கட்டி இருக்கு, மிஸஸ் சக்டன். அது இன்சுலினைக் கண்டபடி சுரக்குது. அதனால ரத்தத்துல சர்க்கரை திடுதிப்புனு இறங்கிடுது."

"சர்க்கரை இறங்குதுன்னா இனிப்பு ஏதாச்சும் கொடுக்கலாமே? நான் பேக்கரியிலதான் வேலை பாக்கறேன்."

"அதுதாங்க கூடாது. இனிப்போ மாவோ உள்ள போச்சுன்னா, கட்டி இன்னும் கூட இன்சுலினைக் கொட்டும். இந்த உலர்ந்த தீனி இருக்கே, இதுல பாதி மாவுதான். ஃபெரட்டோட வயிறு கறிக்குன்னே பொறந்தது. மாத்திரை தர்றேன். கூடவே பச்சைக்கறிக்கு மாத்திப் பாருங்க. முயல், கோழி, ஈரல், எலும்போட."

"மாத்தலைன்னா?"

"சில வாரம்."

"மாத்தினா?"

"ஒரு வருஷம்கூடக் கிடைக்கலாம். எழுதிக் கொடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, நாலு மணி நேரத்துக்கு மேல வெறும் வயித்தோட விடாதீங்க. பட்டினி போட்டுப் பழக்கற வேலை இதுக்கிட்ட வேணாம்."

பெவர்லி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நான் கொடுத்ததாலதான் இது வந்துச்சா?"

"யாராலயும் அப்படிச் சொல்ல முடியாது" என்றாள் டாக்டர். இல்லை என்று அவள் சொல்லவில்லை. பெவர்லி அதைக் கவனித்தாள்.

பக்கத்து வீட்டில் கிளைவ் ஆர்மராய்ட் இருந்தார். அவர் கொல்லைக் கொட்டடியில் ஒன்பது ஃபெரட்டுகள். வலையும் மண்வெட்டியுமாகக் கிளம்பி, பண்ணைக்காரர்களின் வயல்களில் முயல் பிடித்துக் கொடுப்பது அவருக்குப் பொழுதுபோக்கும் தொழிலும். கிர்ஸ்டி இருந்தபோது, "உன் ஃபெரட்டுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தியா? பேப்பர் படிச்சுதா?" என்று வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கிண்டல் அடித்துக்கொண்டே இருப்பார். அவளும் சும்மா விட மாட்டாள். "உங்க ஃபெரட்டெல்லாம் உங்கள மாதிரியே நாறுது கிளைவ்" என்பாள். அவள் சாவுக்கு அவர் வந்தபோது தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே நின்றார்.

பெவர்லி கேட்டதும் அன்றைக்கே தோலுரித்த முயல் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். அடுக்களை மேசையில் வைத்துத் துண்டு போட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இந்தா பாரும்மா பெவ். ஃபெரட்டு ஆறு மாசத்துக்குள்ள எத தின்னுச்சோ, அதுதான் அதுக்குச் சாப்பாடு. மத்ததெல்லாம் அதுக்குக் கல்லு மண்ணு மாதிரி. முன்னால வச்சாலும் சாப்பாடுன்னு தெரியாது. பிடிவாதம் இல்ல, நிஜமாவே தெரியாது."

சொன்ன மாதிரியே ஆயிற்று. பிஸ்கட் கறித்துண்டை ஒருமுறை மோந்தது. பிறகு மூக்கால் தரையைத் தள்ளித் தள்ளி, இல்லாத மண்ணைப் போட்டு அதை மூடப் பார்த்தது.

"பொதைக்குது பாரு" என்றார் கிளைவ். "ஆமா, இது பேரு என்ன, அதேதானா?" பதிலுக்குக் காத்திராமல், "பிஸ்கட்!" என்று குரல் கொடுத்தார்.

தள்ளாடுகிற கால்களோடு அது ஒரே ஓட்டமாக அலமாரியடிக்குப் போய் நின்று, டின்னை அண்ணாந்து பார்த்தது.

கிளைவ் இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "பெவ், டாக்டர் சொன்னது ஒரு வியாதி. இது இன்னொண்ணு. பேரச் சொன்னா அங்க போய் நிக்கும். அங்க நின்னா இத தொடாது. டின்னத் தூக்கிப் போடு. பேரையும் விடு."

"பேர எப்படி கிளைவ் விடறது?"

"கூப்பிடாத. அவ்ளோதான். என் கொட்டடியில எதுக்கும் பேரு கிடையாது. எல்லாம் நல்லாத்தான் தின்னுது."

"அது கிர்ஸ்டி வச்ச பேரு."

கிளைவ் கத்தியைத் துடைத்தார். துடைத்த கத்தியையே மறுபடி துடைத்தார். "தெரியும்மா. அவ கூப்பிடறதக் கேட்டுக்கிட்டேதான வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தேன்" என்றார்.

பழைய போனைப் பற்றி பெவர்லி அவரிடம் சொல்லவில்லை. டின்னை மால்கம் குப்பையில் போடப் போனபோது, தகரம்தானே, இருக்கட்டும் என்று வாங்கி, உள்ளிருந்ததை ஒரு காகிதப் பையில் கொட்டிவிட்டு மாடியில் கிர்ஸ்டியின் அறையில் வைத்தாள். போனையும் அதற்குள் வைத்து மூடினாள். அன்று ஆறு மணி வந்து போயிற்று. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மால்கம் கோட்டை மாட்டவில்லை. மேசை முன்னால் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் உப்புக் குடுவையை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

அடுத்த ஆறு வாரம் அந்த வீடு ஒரு சின்னப் பிராணியின் வாயைச் சுற்றியே ஓடியது. பழைய உருண்டைகளைப் பொடித்துச் சுடுதண்ணீரில் கரைத்து, அதில் முயல்கறியைக் கூழாக அரைத்துக் கலக்க வேண்டும். முதலில் கறி ஒரு கரண்டி, பொடி பத்துக் கரண்டி. பிறகு இரண்டு, ஒன்பது. பிடரியைப் பிடித்துத் தூக்கி, விரலில் தொட்டு ஈறில் தடவ வேண்டும். நக்கியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. பெவர்லியின் விரலில் எவ்வளவு கழுவினாலும் பேக்கரி வாசம் இருக்கும். பிஸ்கட் கறியை விட்டுவிட்டு அவள் நகத்தைத்தான் நக்கியது.

"உன் கையில கேக்கு வாசம் அடிக்குது பெவ். தள்ளு, நான் பாக்கறேன்" என்று ஒருநாள் மால்கம் வந்தார். ஐந்து வருஷத்தில் அவர் அதைத் தொட்டது அன்றுதான் முதல்.

பெயர் சொல்லக் கூடாது என்பதால் கூப்பிட ஏதாவது வேண்டியிருந்தது. கிளைவ் நாக்கை மேல்தாடையில் இரண்டு தடவை சொடுக்கிக் காட்டினார். பெவர்லிக்கு வரவில்லை, காற்றுத்தான் வந்தது. மால்கமுக்குச் சுலபமாக வந்தது. தபால் போடப்போன வீடுகளில் நாய்களைத் தாஜா செய்து பழகிய நாக்கு. நாளுக்கு ஆறு வேளை, கடிகாரத்தில் மணியடிக்க வைத்துக்கொண்டு எழுந்து, நாக்கைச் சொடுக்கி, மடியில் துண்டு விரித்து அவர்தான் ஊட்டினார்.

"வாங்க மேடம், விருந்து ரெடி. முகத்தச் சுளிக்காதீங்க. எங்க ஊர் சிற்றுண்டிச்சாலைல இதவிட மோசமா சமைப்பான்."

அடுத்த அறையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெவர்லிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிஸ்கட் தேறிக்கொண்டு வந்தது. கறி ஏழு, பொடி மூன்று. எச்சில் வழிவது நின்றது. ஆனால் முழுத் துண்டைத் தனியாக வைத்தால் இன்னும் மண் போட்டு மூடியது.

மார்ச் பதினான்கு கிர்ஸ்டியின் பிறந்த நாள். காலையில் இருவருமாகக் கல்லறைக்குப் போய் மஞ்சள் பூ வைத்துவிட்டு வந்தார்கள். பதினொரு மணிக்கு மால்கமின் மேடம் வயிறு நிறைய நக்கிவிட்டு சோபாவுக்கடியில் தூங்கப் போயிற்று. மால்கம் பண்ணைக்கு முயல் வாங்கக் கிளைவோடு கிளம்பினார். மூன்று மணிக்கு ஊட்டிவிடு என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

வீடு காலியானதும் பெவர்லி மாடிக்குப் போய் டின்னைத் திறந்தாள். கேட்க மட்டும்தான், அதுவும் இங்கேயே, கதவைச் சாத்திக்கொண்டு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கதவைச் சாத்தவும் செய்தாள். பிறந்த நாளன்று மகள் குரலைக் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டம் இருக்கிறது? பொத்தானை அழுத்தினாள்.

"ஏ பிஸ்கட்! பிஸ்கட், பிஸ்கட்! வாடி செல்லம்..."

கீழே தடதடவென்று சத்தம் கேட்டது. ஃபெரட்டுக்குக் காது கூர்மை. அவள் இறங்கி வந்து பார்த்தபோது, அது அலமாரியடியில் பின்னங்காலில் எழுந்து, டின் இருந்த வெற்றிடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணில் அப்படியொரு வெளிச்சம். ஆறு வாரமாகக் காணாமல் போயிருந்த ஆள் திரும்பி வந்துவிட்டாள் என்று நம்புகிற பார்வை.

கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. மூன்று மணிக்குக் கூழைக் கொண்டுவந்தாள். வாயைத் திருப்பிக்கொண்டது. பிடரியைப் பிடித்து ஈறில் தடவினாள். தலையை உதறி, இறங்கி, மறுபடியும் அலமாரியடிக்கே போய் நின்றது. பெவர்லி கெஞ்சினாள், மிரட்டினாள், நாக்கைச் சொடுக்கப் பார்த்தாள். நிற்க முடியாமல் அது உட்கார்ந்தது. உட்கார முடியாமல் படுத்தது. படுத்தும் முகம் அலமாரி பக்கமே இருந்தது. நாலு மணி தாண்டி மால்கம் உள்ளே வந்தபோது, அதன் கால்கள் நாலும் நாலு பக்கம் பரந்து, கண் கண்ணாடி மாதிரி ஆகி, வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு? மூணு மணிக்குக் கொடுத்தியா?"

"தொட மாட்டேங்குது மால்கம், தொடவே மாட்டேங்குது."

"ஏன்?"

அவர் அலமாரியைப் பார்த்தார், அவள் கையிலிருந்த பழைய போனைப் பார்த்தார். தேன் பாட்டிலை எடுத்து அதன் ஈறில் ஒரு சொட்டுத் தடவினார். அவசரத்துக்கு மட்டும் என்று டாக்டர் சொல்லிவைத்திருந்தது. கோட்டுக்குள் பொதிந்துகொண்டு காருக்கு ஓடினார்.

பிழைத்துக்கொண்டது. ஊசி போட்டு, குழாய் செருகி, ஒரு மணி நேரத்தில் தலையைத் தூக்கியது. இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது என்று மட்டும் டாக்டர் சொன்னாள். இருவரும் காருக்குள் வந்து உட்கார்ந்தார்கள். மால்கம் சாவியைப் போட்டார், திருகவில்லை.

"ரெண்டு வருஷமா அத ஏமாத்திக்கிட்டிருக்க, பெவ்."

"ஏமாத்தறேனா? அவ குரலக் கேட்டா அது எப்படி ஓடி வரும், நீ பாத்திருக்கியா? எங்க பாத்த! நீதான் ஆறு மணி ஆனா ஓடிப் போயிருவியே. பெத்த பொண்ணு குரலக் கேக்கப் பிடிக்காம..."

"பிடிக்காமயா?" மால்கமின் குரல் உடைந்தது. கார் முழுக்க அது கேட்டது. "அது வந்து போனுக்குப் பின்னால தேடும்ல? முன்னால பாத்துட்டு, பின்னால போய்ப் பாக்கும்ல, அவ இருக்காளான்னு? அத என்னால பாக்க முடியல. ஒவ்வொரு நாளும் அது தேடும். ஒவ்வொரு நாளும் அவ இருக்க மாட்டா. என்னால அதப் பாக்க முடியல பெவ்."

"அது பிஸ்கட்டத் தேடியிருக்கும்" என்றாள் பெவர்லி. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மகளுக்காகத்தான் அது ஓடி வருகிறது என்பது இரண்டு வருஷமாக அவள் பிடித்துக்கொண்டு தொங்கிய கயிறு. அதைத் தன் வாயாலேயே அறுத்துவிட்டாள். கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மால்கம் ஆறுதல் சொல்லவில்லை. மடியில் கோட்டுக்குள் கிடந்ததைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் போனை அவரிடம் நீட்டினாள். "இது உன்கிட்டயே இருக்கட்டும். எங்க வச்சிருக்கன்னு எனக்குச் சொல்லாத."

அவர் வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் சொல்ல அதிகமில்லை. கறி எட்டு, பொடி இரண்டு. கறி ஒன்பது. ஏப்ரலில் பொடி தீர்ந்துபோயிற்று, யாரும் புதிதாக வாங்கவில்லை. ஒரு காலை பெவர்லி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அடுக்களையில் மளுக் மளுக்கென்று ஏதோ முறிகிற சத்தம். எட்டிப் பார்த்தாள். முயலின் விலாத் துண்டு ஒன்றை முன்னங்காலால் அழுத்திப் பிடித்து, பக்கவாட்டுப் பல்லால் கடித்து, எலும்பை நொறுக்கித் தின்றுகொண்டிருந்தது அது. யாரும் ஊட்டவில்லை. யாரும் கூப்பிடவில்லை. மால்கம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேசாதே என்று அவளுக்குக் கையைக் காட்டினார். அறுபத்துமூன்று வயது மனுஷன், கண்ணில் நீர் நிற்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கிளைவ் வந்து பார்த்துவிட்டு டீ கேட்டார். "இப்பதாம்மா அது ஃபெரட்டு. இத்தன நாளா அது உங்க வீட்டு விருந்தாளி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணு இருந்திருந்தா என்னைய ஒரு வழி பண்ணியிருப்பா" என்றார்.

மே மாதம் வெயில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு பெவர்லி படியில் உட்கார்ந்திருந்தாள். மேடம் அவள் காலடியில் கிடந்தது. ரோமம் பளபளத்தது, கழுத்து தடித்திருந்தது. முயலின் பின்னங்கால் ஒன்றை வைத்துக்கொண்டு மும்முரமாக இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய மத்தியானம்தான். அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள், ஏறக்குறைய.

அப்போது கொட்டகைக்குள்ளிருந்து கேட்டது.

"ஏ பிஸ்கட்! பிஸ்கட், பிஸ்கட்!"

மிட்டாய் டப்பா குலுங்கியது. சத்தம் மெலிதுதான். கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. ஆனால் வெயில் நேரத்து அமைதியில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்தது. பெவர்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். ஓடிவிடுமோ, மறுபடியும் போய் அந்த அலமாரியடியில் நின்றுவிடுமோ என்று பின்கதவை மூடக் கையை நீட்டினாள்.

"வாடி செல்லம், எங்கடி ஒளிஞ்சிருக்க?"

அது தலையைத் தூக்கவில்லை. காதுகூட அசையவில்லை. எலும்பை இன்னொரு பக்கம் திருப்பிப் பிடித்துக் கடித்தது. மகள் கூப்பிட்டாள். "வா வா வா" என்றாள், அவளுக்கே சிரிப்பு வந்தது, பாதிச் சிரிப்பில் அறுந்தது. வர யாரும் இல்லை.

பிழைக்க வைத்தாயிற்று. இதுதான் விலை என்பதை யாரும் மறைக்கவில்லை. கிளைவ் முதல் நாளே சொன்னார். இருந்தாலும் பெவர்லிக்கு நெஞ்சுக்குள் ஏதோ இரண்டாம் முறை மண்ணில் இறங்குவது தெரிந்தது. பனி உறைந்த அந்தக் காலையில்கூட அவள் இப்படி உணரவில்லை. அன்றைக்கு அவளுக்கு ஒன்றுமே உணர முடியவில்லை.

கொட்டகைக்குள் மறுபடியும் அதே குரல் தொடங்கியது. "ஏ பிஸ்கட்!"

பெவர்லி எழுந்தாள். புல்லில் வெறுங்காலோடு நடந்தாள். பிறகு, தனக்கே தெரியாமல், ஓடினாள். அறுபது வயதில், முழங்கால் வலியோடு, அந்தப் பதினோரு விநாடி முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஓடினாள்.

கதவைத் திறந்தபோது மால்கம் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அப்போதுதான் அறுந்து முடிந்தது. பிடிபட்டவர் மாதிரி நிமிர்ந்து பார்த்தார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுருச்சா? ஐயோ, அது ஓடிருச்சா அலமாரிக்கு?"

"இல்ல. தின்னுக்கிட்டிருக்கு."

"வரலையா?"

"வரல."

மால்கம் தலையைக் குனிந்தார். அவர் தோள் குலுங்கியது. பெவர்லி உள்ளே வந்து, இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

"நான் வந்தேன்ல" என்றாள். "மறுபடி போடு."